நாற்காலியை மாற்றிப் போட 1500 ரூபாயா?

வணக்கம் ஐயா,

கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதில் தொடங்கி எல்லாவற்றிலும் அம்மாவுக்கும் மனைவிக்கும் தகராறு. நண்பர் சொன்னாரென்று மூன்று பேரும் கோவையில் குடும்பப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் போனோம். யார் மேல் தப்பு என்று கடைசிவரை அவர் சொல்லவே இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பி, மனைவிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார். "உங்க சம்சாரம் கோவிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டா அம்மா என்ன பண்ணுவாங்க?" என்று என்னிடம் கேட்டார், அம்மா எதிரிலேயே இருக்கும்போது! ஃபீஸ் 1500 ரூபாய். இந்த வெளிநாட்டுச் சரக்கெல்லாம் நமக்கு ஒத்துவருமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

தீர்ப்புச் சொல்ல உங்கள் சொந்தத்திலேயே பெரியவர்கள் இருப்பார்கள், ஃபீஸும் கிடையாது. அது பலித்திருந்தால் கோவை வரை போயிருக்க மாட்டீர்கள்.

நாற்காலியை மாற்றுவது சால்வடோர் மினுச்சினின் வழி. அர்ஜென்டினாவில் பிறந்து, அமெரிக்காவில் பிலடெல்பியாவில் குடும்பச் சிகிச்சை நிபுணராகப் பணியாற்றியவர். குடும்பம் அறைக்குள் வந்து யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதையே கவனிப்பார். சாப்பிட மறுக்கும் பிள்ளையோடு வந்தால் மதியச் சாப்பாட்டை அங்கேயே வரவழைத்து, வீட்டில் நடக்கும் சண்டையைத் தன் கண்ணெதிரே நடக்கவிடுவார். நீங்கள் நடுவில் உட்கார்ந்ததும் யாரும் சொல்லி நடந்ததில்லை. வீட்டிலும் உங்களுக்கு அதே இடம்தான் என்று ஊகிக்கிறேன்: இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் காரம் குறைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்றார். இருவருக்குள் பதற்றம் ஏறினால் மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள். அவர் ஓடிக்கொண்டிருக்கும் வரை இவர்கள் நேருக்கு நேர் பேசவே வேண்டியதில்லை.

"அம்மா என்ன பண்ணுவாங்க?" என்று உங்களிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இத்தாலியின் மிலான் நகரில் நான்கு மருத்துவர்கள் சேர்ந்து வளர்த்த முறை அது. 1980-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்கள். இருவரைப் பற்றி மூன்றாமவரிடம் கேட்பது. அம்மாவிடமே கேட்டால் "நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்" என்பார். உங்களிடம் கேட்டால், "அம்மா பாத்திரத்தை டமால் டமாலென்று போட்டுக் கழுவும்" என்று வரலாம். உடனே உங்கள் மனைவி, "அந்தச் சத்தம் தாங்காமத்தான் கதவைச் சாத்தறேன்" என்பார். அம்மாவோ கதவைச் சாத்தியதால்தான் பாத்திரத்தைப் போட்டேன் என்பார். இதில் எது முதல்? எந்தக் கவுன்சிலராலும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேரும் அந்தச் சுற்றை ஒன்றாகப் பார்த்துவிட்டால், யாராவது ஒருவர் தன் பங்கை மாற்றிச் செய்து பார்க்கலாம். உங்கள் கவுன்சிலர் அதற்குத்தான் அடிபோட்டிருக்கிறார்.

வெளிநாட்டுச் சரக்கு என்கிறீர்கள். 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யும் அந்த வழியில் போனது. ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயம். கணவன் மனைவியே குடும்பத்தின் அச்சு, மற்றவர்கள் எல்லைக்கு வெளியே என்ற நினைப்பில் அமெரிக்க வாடை உண்டு. மகனைத் தன் பக்கத்திலிருந்து எழுப்பி மருமகளுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தால் ஈரோட்டு அம்மாவுக்கு அது அவமானமாகத்தான் படும். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படிச் செய்திருந்தால் அது கவுன்சிலரின் அவசரம்.

(வீட்டில் அடி உதை இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே தப்பு யாருடையது என்று சொல்லியே ஆகவேண்டும். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது ஆபத்து. பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.)

இன்னொரு தடவை போங்கள். போவதற்கு முன் போன் செய்து, அம்மாவுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கமுடியுமா என்று கேளுங்கள். அதுவரை வீட்டில் "அம்மா என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்டால், "நீயே கேளேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் இரண்டு பக்கமும் திட்டு விழும்.