உப்பு இறங்கிவிட்டால் அது பச்சைக்கறிதான்

கேள்வி: சென்ற தீபாவளிக்கு விருந்தினர்கள் சாப்பாட்டுக்கு முன் கொறிக்கட்டுமே என்று ஆட்டு உப்புக்கண்டம் (உப்புத் தடவி வெயிலில் காயவைத்த கறி) வாங்கினேன். இரவு முழுவதும் அடுப்படி மேசையில் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வேகவைத்து வறுத்தேன். சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் மூன்று பேருக்கு வாந்தி. நன்றாக வெந்த கறி எப்படிக் கெடுதல் செய்யும்? இந்த ஆண்டும் வேன் வண்டியில் வரும் அதே ஆளிடம் ‘ஊர்ச் சரக்கு’ என்று அரை கிலோ வாங்கிவிட்டேன். துண்டுகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சலாமி என்ற வெளிநாட்டுக் காய்ந்த கறிச் சாசேஜிலும் அப்படித்தான் இருக்கும், அது நல்லது என்கிறான் மகன். பயன்படுத்தலாமா? தோல் மாதிரி இழுக்காமல், உப்புக் கரிக்காமல் எளிதாக என்ன செய்யலாம்? மாமனாருக்கு இரத்த அழுத்தம் வேறு இருக்கிறது. (மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வாசகி)

பதில்: சகோதரி, வெள்ளைப் பூப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்குப் பகீர் என்றது ‘இரவு முழுவதும் அடுப்படி மேசையில்’ என்ற இடத்தில். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிருமி பிழைக்கத் தண்ணீர் வேண்டும். வெயில் கறியிலிருக்கும் தண்ணீரை இழுத்துவிடுகிறது. மிச்சத் தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்கவிடாமல் உப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்ந்த துண்டு நாள்பட இருப்பது இந்த இரண்டு காவலால்தான். ஊறவைத்தால் உப்பு வெளியே வருகிறது, தண்ணீர் உள்ளே போகிறது, இரண்டு காவலும் ஒன்றாகப் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு உங்கள் பாத்திரத்தில் இருப்பது பச்சைக்கறி. பச்சை ஆட்டுக்கறியைப் பேராக் வெக்கையில் விடியவிடிய மேசையில் வைப்பீர்களா? மாட்டீர்கள். உப்புக்கண்டம் என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

வெந்த கறி எப்படிக் கெடுதல் செய்தது என்கிறீர்கள். ஸ்டாபிலோகாக்கஸ் என்று ஒரு கிருமி உண்டு. நம் மூக்கிலும் கைவிரல் புண்ணிலும் குடியிருப்பது. மற்றக் கிருமிகள் உப்பில் துவண்டுபோகும், இது தாக்குப்பிடிக்கும். துண்டைத் தொட்ட கையிலிருந்து ஒட்டிக்கொண்டு, ஈரமும் சூடும் கிடைத்ததும் போட்டிக்கு ஆளில்லாமல் பெருகி, கறிக்குள் ஒரு நச்சைக் கக்குகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது கக்கிய நச்சு சாகாது. ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைப்பது அதன் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் நீங்கள் எழுதிய மூன்று மணி நேரம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே ஊறவைப்பதை மறந்துவிடுங்கள். துண்டுகளைக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை அதேபோல. பிறகு ஓரத்தில் சிறிது கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். கரித்தால் மூன்றாம் முறை. ஊறவைத்தே பழகியவர் என்றால் குளிர்பதனப் பெட்டிக்குள், மூடிய பாத்திரத்தில், 4 டிகிரியில், ஆறு மணி நேரம், இடையில் இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று சொல்வார்கள். கிழங்கு தன் பங்குக்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். உப்பு போக வேண்டுமானால் தண்ணீரைக் கொட்டியாக வேண்டும்.

இனி வெள்ளைப் பூப்பு. ஆட்டு உப்புக்கண்டத்தில் வெள்ளை என்றால் மூன்றில் ஒன்று. உப்பு என்றால் மணல்போல் நறநறக்கும், வெளிச்சத்தில் மின்னும், ஒரு சொட்டு வெந்நீர் விட்டால் கரைந்துபோகும். கொழுப்பு என்றால் மெழுகு போலிருக்கும், விரல் சூட்டில் இளகும். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி, வட்டம் வட்டமாக, வெந்நீரில் கரையாமல், நனைந்து காயாத பழந்துணி வாடையோடு இருக்கும். முதல் இரண்டும் பயமில்லை. மூன்றாவது என்றால் முழுப் பொட்டலத்தையும் எறியுங்கள். தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் மகன் சொன்னது பொய்யல்ல, ஆனால் அது வேறு கதை. இத்தாலி சலாமியின் மேலிருக்கும் வெள்ளை, செய்தவர் தாமே விதைத்தது. பெனிசிலியம் நால்ஜியோவென்ஸ் என்ற ஒரே ஒரு வகைப் பூஞ்சையைத் தேர்ந்தெடுத்து மேலே பூசுகிறார்கள், கெட்ட பூஞ்சை வந்து உட்கார இடம் இல்லாமல் செய்வதற்காக. உள்ளே இருக்கும் கறியோ முதலிலேயே புளிக்க வைத்தது. அந்தப் புளிப்பு ஒரு காவல். நைட்ரைட் உப்பு கலந்தது. அது இன்னொரு காவல். தொங்கவிடும் அறையும் குளிர்ந்திருக்கும், காற்றின் ஈரத்தையும் அளந்து வைத்திருப்பார்கள். இத்தனை ஏற்பாடும் இருப்பதால்தான் அங்கே வெள்ளை நல்ல அடையாளம். உங்கள் பொட்டலத்தில் இதில் ஒன்றாவது உண்டா? வேனின் பின்னால் பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்துக்கொண்டு வந்த துண்டின் மேல் எந்தப் பூஞ்சை வந்து உட்கார்ந்தது என்று அந்த வேன்காரருக்கும் தெரியாது. வெப்பநாட்டுப் பூஞ்சைகள் சில அஃப்லாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அது அசையாது. 1988ஆம் ஆண்டு நம் பேராக்கிலேயே ஒரு வகை அரிசி நூடல் சாப்பிட்ட குழந்தைகள் 13 பேர் இறந்துபோனார்கள். சந்தேகம் விழுந்தவற்றில் இந்த நச்சு முக்கியமானது. அதனால்தான் சலாமிக்கு உள்ள விலக்கை உப்புக்கண்டத்துக்குக் கொண்டுவராதீர்கள் என்று இத்தனை நீளமாகச் சொல்கிறேன். இன்னும் உறுதியாகச் சொன்னால், வீட்டுக் கறியில் வளர்ந்த எந்தப் பூஞ்சைக்கும் அந்த விலக்கு கிடையாது.

அந்த வேன்காரரைப் பற்றிப் பேசாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

தோட்டத்தில் முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டி, கூறு போட்டு, மிஞ்சியதை மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்து லயத்து வரிசை வீட்டு வாசலில் காயவைத்த காலம் உண்டு. ஆடு யாருடையது, வெட்டியவர் யார், எத்தனை நாள் வெயில் கண்டது என்று அந்த வரிசை முழுக்கத் தெரியும். நம் வாய் அந்த நம்பிக்கையோடு பழகியது. தோட்டங்கள் துண்டாகி ஆட்கள் டவுனுக்குப் போன பிறகும் அந்த ஏக்கம் மட்டும் போகவில்லை. அந்த ஏக்கத்தைத்தான் ‘ஊர்ச் சரக்கு’ என்று சொல்லி விற்கிறார்கள்.

அது உண்மையிலேயே தமிழ்நாட்டிலிருந்து பெட்டியில் வந்தது என்றால் சட்டப்படி வந்ததா என்று கேளுங்கள். இறைச்சியை அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது 2011ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டப்படி குற்றம். இங்கேயே செய்தது என்றால் எந்தக் கறியில் செய்தது? சந்தையில் உறைந்த நிலையில் கிடைக்கும் ‘ஆட்டுக்கறி’ பெரும்பாலும் ஆஸ்திரேலியச் செம்மறி, அது பரவாயில்லை. அதைவிட மலிவாக இந்திய எருமைக்கறி பெட்டி பெட்டியாக இறங்குகிறது. மெல்லிய கீற்றாக அறுத்து, மிளகாயும் மஞ்சளும் பூசிக் காயவைத்துவிட்டால் எது எருமை, எது ஆடு என்று கண்ணால் சொல்ல என்னாலும் முடியாது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமா?

கண்ணால் முடியாததைக் கணக்கால் பார்க்கலாம். எலும்பில்லாத கறி ஒரு கிலோ நன்றாகக் காய்ந்தால் ஏறக்குறைய 400 கிராம் நிற்கும். அரை கிலோ உப்புக்கண்டத்துக்கு ஒன்றேகால் கிலோ கறி வேண்டும். நீங்கள் கொடுத்த ரிங்கிட்டுக்குச் சந்தையில் ஒன்றேகால் கிலோ எலும்பில்லாத ஆட்டுக்கறி வாங்க முடியுமா? முடியாதென்றால் ஒன்று அது ஆடு இல்லை, அல்லது சரியாகக் காயவே இல்லை. ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள். நடுவில் ரப்பர் ஷீட் மாதிரி மடங்கினால் உள்ளே ஈரம் நிற்கிறது. எடைக்காக விட்ட ஈரம். இன்னொன்று: வெந்த துண்டை வெட்டினால் உள்ளே பழுப்பாக இருக்க வேண்டும். ரோஜா நிறத்தில் இருந்தால் நைட்ரைட் உப்பு போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைகள் அளந்து போடுவதுதான் அது. பொதுவான ஒரு கணக்கு, ஒரு கிலோ கறிக்கு 2.5 கிராம் கலவை உப்பு, அந்தக் கலவையிலும் நைட்ரைட் 6.25 விழுக்காடுதான். கைப்பிடியால் அள்ளிப் போடுகிற பொருள் அது இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பொட்டலத்தில் உணவின் பெயர், சேர்மானம், செய்தவர் அல்லது இறக்கியவர் முகவரி இருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் உணவு விதிகள் சொல்கின்றன. நாற்பது ஆண்டாகச் சொல்கின்றன. ஆனால் எல்லைக்கு ஓர் இலாகா, கால்நடைக்கு ஓர் இலாகா, விற்பனைக்கு ஓர் அமைச்சு, வாந்திக்கு ஓர் அமைச்சு. வேலை முடிந்து வரும் பெண் எந்தப் படியில் ஏறுவது? 2020 டிசம்பரில் ஜொகூர் செனாயில் உறைந்த இறைச்சிப் பெட்டிகளுக்குப் போலி ஹலால் முத்திரை என்று நாடே கொதித்தது. தோட்டப்புறத்து வேன்களைத் திறந்து பார்க்க அப்போதும் யாரும் வரவில்லை. வருகிறவரை, முகவரி இல்லாத பொட்டலத்தை நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே விருந்தில் இரண்டு பேருக்கு மேல் வாந்தி என்றால் கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள். உணவு நச்சை மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும், 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அப்படி. மிச்ச உணவைக் கொட்டாமல் குளிரில் வையுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். பொட்டலம் எல்லாச் சோதனையிலும் தேறினால் மட்டும்.

இருமுறை வடித்த துண்டுகளைக் குக்கரில் சிறிது தண்ணீரோடு ஐந்தாறு விசில் விடுங்கள். ஆறியதும் கல் உரலில் மெதுவாகத் தட்டுங்கள். நார் பிரிந்து கையோடு வரும். தோல்போல் இழுப்பதற்கு மருந்து இதுதான். வெந்ததைத் தட்டாமல் அப்படியே எண்ணெயில் போட்டதால்தான் உங்களுக்கு இழுத்தது. எண்ணெயில் சோம்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கைநிறையச் சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். வெங்காயம் சிவந்ததும் கறி நாரைப் போட்டு மிதமான தீயில் பிரட்டுங்கள். உப்புப் போடவே வேண்டாம். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வில்லையாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிட்டிகை பிரட்டல் வைத்து நீட்டினால் போதும், அரை கிலோ முப்பது பேருக்கு வரும்.

அதே நாரில் 100 கிராம் எடுத்து, கால் கிலோ கடலைப்பருப்பு வடை மாவில் உப்பில்லாமல் பிசைந்து தட்டலாம். அன்னாசியும் வெள்ளரியும் துண்டுபோட்டு, எலுமிச்சை பிழிந்து, மொறுமொறுப்பாக வறுத்த நாரை மேலே தூவினால் வெயிலுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. சீனக் கடையின் லாப் சியோங் என்ற காய்ந்த சாசேஜை வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்கட்டும்: அது காய்ந்த பச்சைக்கறி, முதலில் இருபது நிமிடம் ஆவியில் வேக வேண்டும். டின் கறி ஏற்கெனவே வெந்தது, அதில் உப்பு மட்டும்தான் பிரச்சினை.

யாரும் எப்போதும் வந்து போகும் திறந்த இல்ல விருந்தில் காலையில் வைத்த தட்டு இரவுவரை மேசையிலேயே இருக்கும். அப்படி வைக்காதீர்கள். சிறு தட்டாக எடுத்து வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் தீரவில்லை என்றால் உள்ளே எடுத்துவிடுங்கள், மிச்சம் குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். பரிமாறும் கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாராவது பரிமாறட்டும்.

மாமனாருக்கு ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஒரு தேக்கரண்டி, என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்கள் 10 பேரில் 3 பேருக்கு அவரைப்போல இரத்த அழுத்தம். மரவள்ளி வில்லை இரண்டு கொடுங்கள், அன்னாசியும் வெள்ளரியும் நிறையக் கொடுங்கள். அன்றைக்கு ஊறுகாய் ஜாடியை அவர் பக்கம் நகர்த்த வேண்டாம்.