பலகைக்கு விலை கேட்கும் முன் பசையைக் கேளுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கேரளத்தின் பெரும்பாவூரில் ஒரு ப்ளைவுட் ஆலையில் ஹாட் பிரஸ், அதாவது பலகையைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் இயந்திரம், ஓட்டியவர். இப்போது மார்த்தாண்டத்தில் பலகைக் கடை வைத்திருக்கிறார்.

சமையலறைக் கப்போர்டுக்குக் கமர்ஷியல் ப்ளைவுட் போதும் என்கிறார் கடைக்காரர். மரைன்தான் போட வேண்டும் என்கிறார் ஆசாரி. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, விருதுநகர்

சமையலறையில் எந்த இடத்துக்கு என்று இரண்டு பேருமே சொல்லவில்லை பாருங்கள். சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்கு மரைன் போடுங்கள். சுவரில் மாட்டுகிற மேல் பெட்டிகளுக்கு பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்கும் ரகம், தாராளம். கடைக்காரர் சொல்லும் கமர்ஷியல், அதாவது எம்.ஆர். என்கிற ஈரம் தாங்கும் ரகம், படுக்கையறை அலமாரிக்குச் சரி. சமையலறைக்குள் அது வேண்டாம்.

இந்த மூன்றிலும் உள்ளே இருக்கும் மரம் ஒன்றாகவேகூட இருக்கலாம். முக்கியமாக மாறுவது பசை. எம்.ஆர். பலகையை ஒட்டுவது யூரியா ஃபார்மால்டிஹைடு. மலிவு, சீக்கிரம் இறுகும். ஆலையில் அதோடு மைதா மாவு கலப்பார்கள். கேட்டதும் கலப்படம் என்று நினைக்காதீர்கள். பசை மரத்துக்குள் ஓடி வற்றிவிடாமல் மேலே கெட்டியாக நிற்கத்தான் அது. அளவு மீறிக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். பி.டபிள்யூ.ஆரும் மரைனும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடில் ஒட்டப்படுபவை. யூரியா பசையின் பிணைப்பு சூடான ஈரத்தில் உடைந்து போகும், ஃபீனால் பசை உடையாது. மேற்கொண்டு பணம் கொடுப்பது பெரும்பாலும் இதற்குத்தான்.

பலகையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ். என்றால் இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை. அதற்குள்தான் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். இரண்டும் வரும். மரைனுக்கு ஐ.எஸ். 710. மரைன் பலகையின் துண்டு 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் கிடந்த பிறகும் ஒட்டு விடக்கூடாது என்பது விதி. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெறுமனே ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் அச்சடித்திருந்தால் அதை நம்பாதீர்கள். அப்படி அச்சடிக்க மை இருந்தால் போதும்.

நிறத்தையும் நம்ப வேண்டாம். ஃபீனால் பசை கரும்பழுப்பாக இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டதால், யூரியா பசையில் சாயம் கலக்கிறார்கள். பலகையின் முகத்தில் ஒட்டும் மெல்லிய மரத்தாளான மேல்தாள், குர்ஜன் மரம் போலச் செக்கச்செவேல் என்று தெரிய அதற்கும் சாயம் பூசுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் கடையில் ஒரு கைத்துண்டு கேட்டு வாங்கி, பழைய பாத்திரத்தில் வீட்டுக்கு வெளியே வைத்துக் கொதிக்க விடுங்கள். யூரியா பலகை சில மணி நேரத்தில் ஓரத்தில் வாயைத் திறக்கும். துண்டு தர மறுக்கிற கடையில் பலகை வாங்காதீர்கள். என் கடையானாலும் சரி.

இன்னொன்று. மரைன் என்றாலும் ஊறாது என்று பொருளில்லை. பசை விடாது, அவ்வளவுதான். அறுத்த ஓரத்தின் வழியாக மரம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். சிங்க் பெட்டியின் அடி ஓரங்களுக்கு சீலர் அடித்து, ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டி, பெட்டியைத் தரையில் உட்கார வைக்காமல் பி.வி.சி. கால்களின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் மரைன் வாங்குவது வீண் செலவு.

ஒரு மரத்தின் அகலம் ஓரடி, ஒன்றரை அடிதான். அதிலிருந்து நாலடி அகலப் பலகை எப்படி வருகிறது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், தேனி

நல்ல கேள்வி மக்கா. வீடு கட்டுகிற பெரியவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

மரத்தை நீளவாக்கில் அறுப்பதில்லை, உரிக்கிறோம். பட்டை நீக்கிய தடியைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழல விடுவார்கள். தடியின் நீளத்துக்கு ஒரு கத்தி அதை நெருங்கி வரும். முதல் சில சுற்றுகளில் மேடு பள்ளமெல்லாம் துண்டு துண்டாக உதிரும். தடி உருண்டையானதும், சுருட்டி வைத்த பாயை விரித்தது போல ஒரே நீளமாக மரத்தாள் வெளியே வரும். அதுதான் வினீர். தொட்டால் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். ரப்பர் தடியென்றால் லேசான புளித்த வாடையும் வரும். கடினமான மரங்களை முதலில் வெந்நீரிலோ நீராவியிலோ போட்டு இளக்கி எடுப்பார்கள். கடைசியில் நடுவில் ஒரு மெல்லிய கம்பு மிஞ்சும், அது வேலிக்கோ அடுப்புக்கோ போகும்.

அடுத்தது உலர்த்துதல். வெயில் காலத்தில் முற்றத்தில் காய வைப்பவர்கள் உண்டு. பெரும்பாவூர் மழையில் அது நடக்காது, டிரையர் வேண்டும். இதில் அவசரப்பட்டால் அதன் பலன் என்னிடம், ஹாட் பிரஸ்ஸில்தான் தெரியும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூட்டில் ஆவியாகிப் பலகைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பிரஸ்ஸைத் திறக்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். பலகையின் நடுவே வயிறு புடைத்திருக்கும், அதோடு அது கழிவு.

காய்ந்த தாள்களைப் பசை உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஒரு தாளின் நார் கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது தெற்கு வடக்கு. ஏன் தெரியுமா? மரம் ஈரத்தில் நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக நீளாது. குறுக்குவாக்கில்தான் நன்றாக உப்பும், காய்ந்தால் சுருங்கும். மாற்றி மாற்றி ஒட்டினால் ஒரு தாள் உப்பப் பார்க்கும்போது மேலும் கீழும் இருக்கும் தாள்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. அப்போதுதான் மேல் முகம், கீழ் முகம் இரண்டிலும் நார் ஒரே திசையில் ஓடும், பலகை ஒரு பக்கமாக இழுக்காது. வீட்டிலிருக்கும் பலகையின் ஓரத்தில் எண்ணிப் பார், 3, 5, 7, 9, 11 என்றுதான் வரும்.

இந்த அடுக்குகிற வேலை பெரும்பாலும் கையால் நடக்கிறது. உள்தாள்கள் முழுசாக வருவதில்லை. துண்டுகளை ஒன்றையொன்று தொடும்படி வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் உள்ளே பொந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் வெளியே மேடு. அந்த வேகத்தில் தவறாமல் வைப்பவர்கள் பலரும் அசாம்காரர்கள். 1996 டிசம்பரில் காடுகள் பற்றி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் வடகிழக்கில் மர ஆலைகள் வரிசையாக மூடின. கை தேர்ந்த தொழிலாளர்கள் கேரளத்துக்கு வந்தார்கள். பெரும்பாவூர் பெரிய சந்தையாக வளர்ந்ததில் அவர்கள் கைக்குப் பங்குண்டு.

பிறகு குளிர் பிரஸ்ஸில் ஓர் அழுத்து, அப்புறம் ஹாட் பிரஸ். யூரியா பசைக்கு ஏறக்குறைய 110 டிகிரி போதும், ஃபீனாலுக்கு 140 பக்கம் வேண்டும். வெளியே வந்த பலகையை 8 அடிக்கு 4 அடி என்று ஓரம் அறுத்து, தேய்த்து, முத்திரை குத்தி லாரியில் ஏற்றுவார்கள்.

ஏழடி உயர அலமாரிக் கதவு ஆறே மாதத்தில் வில்லாக வளைந்துவிட்டது. 19 எம்.எம். நல்ல ப்ளைவுட்தான் போட்டோம். வெளியே மைக்கா, உள்ளே பெயின்ட்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு முகத்தில் மைக்கா என்கிற லேமினேட் தாள், மறு முகத்தில் வெறும் பெயின்ட். பெயின்ட் அடித்த பக்கம் காற்றின் ஈரத்தை வாங்கி விடுகிறது, மைக்கா ஒட்டிய பக்கம் அசையாமல் கிடக்கிறது. பலகை வளையாமல் என்ன செய்யும்? வெளியே 1 எம்.எம். ஒட்டினால் உள்ளேயும் 0.7 அல்லது 0.8 எம்.எம். ஒட்டியாக வேண்டும்.

அவ்வளவு உயரக் கதவுக்கு நான் ப்ளைவுட்டே கொடுக்க மாட்டேன், பிளாக்போர்டுதான். நடுவில் சட்டம் சட்டமாகக் கட்டைகள், மேலும் கீழும் வினீர். எடை குறைவு, நீளத்தில் வளையாது. அறுக்கும்போது அந்தக் கட்டைகள் கதவின் உயரவாக்கில் ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பலகை மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே திருப்பி அறுத்தால், ப்ளைவுட்டைவிட மோசமாக வளையும். கீல் குறைந்தது நாலு வேண்டும். உங்கள் கதவை நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மலைவேம்பு போட்டிருக்கிறேன். ப்ளைவுட் ஆலைக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆலைக்காரர் எதைப் பார்த்து விலை சொல்வார்?
– விவசாயி, சத்தியமங்கலம்

நேராக இருக்கிறதா, முடிச்சு இல்லாமல் இருக்கிறதா, சுற்றளவு எவ்வளவு. இந்த மூன்றையும்தான். கோணல் தடியை உருண்டையாக்குவதற்குள் பாதி மரம் கழிவாகிவிடும், அந்த நஷ்டத்தை ஆலைக்காரர் உங்கள் விலையில்தான் கழிப்பார். முடிச்சு இருக்கும் இடத்தில் தாள் ஓட்டை விழும். ஆகவே பக்கக் கிளைகளை இளசாக இருக்கும்போதே தண்டை ஒட்டி வெட்டிவிடுங்கள். பருத்த பிறகு வெட்டினால் தழும்பு உள்ளே தங்கிவிடும்.

வெட்டுவதற்கு முன் ஆலையோடு பேசி, எந்த நீளம் வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக எட்டடிக்கோ நாலடிக்கோ சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள். சரியாக எட்டடியில் வெட்டி வைத்தால் ஓரம் அறுக்க இடமில்லாமல் அது நாலடித் தடியாகத்தான் விலை போகும். வெட்டிய தடியை வெயிலில் போட்டு வைக்காதீர்கள், முனை வெடிக்கும்.

பெரும்பாலும் இது உள்தாளுக்குப் போகும் மரம். மேல்தாளுக்கு முன்பு மியான்மர் குர்ஜன் கொட்டிக் கிடந்தது. 2014 ஏப்ரல் முதல் அந்நாடு உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு நம் தோட்டத்து மரங்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மலைவேம்பு பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார்கள், ஒரு நடை போய் வாருங்கள்.

புது வீட்டு அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது. கைக்குழந்தை இருக்கிறது. ஆபத்தா?
– வாசகி, ஆவடி

பாலிஷ் வாடையும் கலந்திருக்கும். ஆனால் கண்ணில் குத்துவது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு. யூரியா பசையிலிருந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், சூட்டிலும் புழுக்கத்திலும் இன்னும் கூடும். இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. பயமுறுத்தச் சொல்லவில்லை, குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அலமாரிக் கதவுகளையும் ஜன்னலையும் பகலெல்லாம் திறந்து வையுங்கள். உள்பக்கம் மைக்கா ஒட்டாத இடம், இழுப்பறையின் அடி, பின் பலகை, ஆணி ஓட்டைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். இனி வாங்கினால் ஃபார்மால்டிஹைடு கசிவு குறைவு என்பதைக் காட்டும் இ1 அல்லது இ0 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். சாம்பிராணி போட்டு வாடையை மறைப்பது வேண்டவே வேண்டாம்.

இன்டீரியர்காரர் ‘ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர்., ப்ளைவுட்டைவிட உசத்தி’ என்கிறாரே?
– வாசகர், கோவை

அது ப்ளைவுட் அல்ல. மரத்தை நாராக்கிப் பசையோடு அழுத்திய பலகை. பெயின்ட் அடிக்கும் கதவுக்கு அருமை, முகம் கண்ணாடியாக இருக்கும், உள்ளே பொந்து கிடையாது. கனம் அதிகம். பாரம் தாங்கும் தட்டுக்கும் கழற்றி மாட்ட வேண்டிய இடத்துக்கும் நான் ப்ளைவுட் பக்கம்தான். எதுவானாலும் ஓரத்தில் ஸ்க்ரூ அடிப்பதைக் குறையுங்கள்.

சென்ட்ரிங் அடித்த பலகை மிஞ்சிக் கிடக்கிறது. வீட்டுக்குள் தட்டு போடலாமா?
– வாசகர், ஓசூர்

ஒட்டு நல்ல ஒட்டுதான், ஃபீனால். ஆனால் எண்ணெயும் சிமென்ட்டும் குடித்த முகத்தில் மைக்கா பிடிக்காது. ஆட்டுக் கொட்டகைக்கும் மோட்டார் அறைக்கும் போடுங்கள்.

கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. கரையானா?
– வாசகி, காரைக்குடி

கரையான் என்றால் மண் கட்டும். இது உளு, மரத்தைத் துளைக்கும் சிறு வண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், மருந்து ஏற்றாமல் செய்த பலகையைத் தேடி வரும். துளைகளில் ஊசியால் மருந்து விடலாம், ஆனால் ஒரு பலகை தூளாகத் தொடங்கினால் அதை வெளியே எடுப்பதே மற்றவற்றுக்கு நல்லது.

ஆசாரி வர இரண்டு வாரம் ஆகும். பலகைகளை மொட்டை மாடி அறையில் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். சரிதானே?
– வாசகர், பாளையங்கோட்டை

இல்லை. இன்றைக்கே படுக்க வையுங்கள். தரையில் ஒரே உயர ரீப்பர் கட்டைகள் மூன்று போட்டு, அதன் மேல் பலகைகளை ஓரம் பொருந்த அடுக்குங்கள். 19 எம்.எம். முழுப் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாகத் தூக்காதீர்கள். சாய்த்து வைத்ததில் வளைந்தது ஏதும் இருந்தால், அதை அடியில், முதுகு மேலே பார்க்கும்படி வைத்து மற்றவற்றை மேலே ஏற்றுங்கள். ஆசாரி வருவதற்குள் ஓரளவு நிமிரும். நிமிராததைச் சிறு துண்டுகள் அறுக்க ஒதுக்கச் சொல்லுங்கள்.