கேளுங்கள் சொல்கிறேன்: சுவாதியை நம்பலாமா?

கேள்வி: விண்வெளிக்குப் போகும் அகச்சிவப்புக் கருவிகளை, நன்கு தெரிந்த நட்சத்திரங்களைப் பார்க்கவைத்து அளவு திருத்துகிறார்களாம். அந்த நட்சத்திரங்களைத் தெரிந்துகொண்டதே இப்படிப்பட்ட கருவிகளால்தானே? விதை முந்தியா, மரம் முந்தியா கதைதானா இது?
- எம்.எஸ்ஸி. மாணவி, கும்பகோணம்

பதில்: நல்ல கிடுக்கிப்பிடி! நான் 22 வருடம் ஒரு கல்லூரியில் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கட்டிக்கொண்டு அழுதவன். வாரம் ஒருமுறை பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் படலத்தை உள்ளே வைப்பேன். அது ஒளியை எங்கெங்கே விழுங்கிக் கோடு போடும் என்பது முன்பே தெரியும். 1601 என்ற அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் என்ற கணக்கு) வரவேண்டிய கோடு 1606-இல் வந்தால் படலம் மாறவில்லை, கருவி நழுவிவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை இதைப் பார்க்காமல் ஓர் ஆராய்ச்சி மாணவர், புதுச் சேர்மம் கிடைத்துவிட்டதென்று எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்துவிட்டார்.

விண்வெளியில் படலத்துக்குப் பதில் நட்சத்திரம். ஐரோப்பிய விண்வெளி முகமை 1995 நவம்பரில் ஏவிய ஐசோ தொலைநோக்கியில் ஒரு நிறமாலைக் கருவி இருந்தது. 2.38 முதல் 45.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளங்களை, 12 துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும். அகச்சிவப்பில் பளிச்சென்று தெரிபவை சுவாதி, ரோகிணி போன்ற குளிர்ந்த ராட்சத நட்சத்திரங்கள். சுவாதியின் மேற்பரப்பு ஏறத்தாழ 4,300 கெல்வின்; சூரியன் 5,770. அந்தக் 'குளிரில்' கார்பன் மோனாக்சைடும் சிலிக்கான் மோனாக்சைடும் உடையாமல் தாக்குப்பிடித்து, ஒளியை ஆங்காங்கே விழுங்குகின்றன. எவ்வளவு விழுங்கும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்லவேண்டும். அதற்கு சுவீடனின் உப்சாலாவில் உருவான, நட்சத்திர வளிமண்டலத்தைக் கணக்கிடும் 'மார்க்ஸ்' என்ற மாதிரி (மாடல்) இருக்கிறது (தாடிக்கார மார்க்ஸ் அல்ல).

கணக்கும் அளவீடும் ஒட்டவில்லை என்றால் யாரைக் குற்றம் சொல்வது? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் லீன் டெசினும் கூட்டாளிகளும் இதற்குச் சூடான நட்சத்திரங்களையும் குளிர்ந்தவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சிரியஸ், அபிஜித் இரண்டும் கொதிப்பவை. மூலக்கூறுத் தொல்லை கிடையாது. ஒரே அலைநீளத்தில் சிரியஸும் பிசகி, சுவாதியும் அதே அளவு பிசகினால் கருவி மேல் பழி. சிரியஸ் ஒழுங்காக இருக்க, சுவாதியும் ரோகிணியும் மட்டும் கார்பன் மோனாக்சைடு கோடுகளில் பிசகினால் கணக்கு மேல் பழி.

அப்புறம் வெளிச் சாட்சியும் உண்டு. அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் தரையிலிருந்தே எடுத்த, இன்னும் நுணுக்கமான சுவாதி நிறமாலை அது. காற்றிலுள்ள நீராவி மறைக்காத அலைநீளங்களில் அதை நம்பலாம். இப்படி ஒவ்வொரு பிசகையும் உரியவர் கணக்கில் எழுதி, திருத்தி, மறுபடி ஒப்பிடுவார்கள். ஒரே சுற்றில் முடிகிற வேலை இல்லை.

கேள்வி: நட்சத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஆவியாக, நிஜம். சூரியப் புள்ளிகளிலேயே இருக்கிறது. சுற்றுப்புறத்தைவிட அவை குளிர்ந்தவை. சுவாதி அதற்கெல்லாம் சூடு அதிகம் என்றுதான் கணக்கு சொன்னது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹவாயின் மௌனா கேயா மலையிலிருந்து 12 மைக்ரான் பக்கம் பார்த்தபோது நீராவிக் கோடுகள் அங்கே நின்றன. இம்முறை கருவி நிரபராதி. சுவாதியின் வெளியடுக்கு, மாதிரி சொன்னதைவிடச் சில நூறு டிகிரி குளிர்ந்திருந்தால் கோடுகள் பொருந்தின. சுவாதியில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் முத்தாகும் என்று என் பாட்டி சொல்வார். அந்த நீரும் இந்த நீரும் ஒன்றா என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்!