மூன்று மாதத்துக்கு முந்தைய மழையும் இன்றைய கரட் விலையும்

இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை சந்தைப் பையிலிருந்து எழுந்தவை. மாவு, சீனி விலை ஏறினால் யாரைத் திட்டுவது என்று நமக்குத் தெரியும். காய்கறி விலை ஏறினால் யாரைத் திட்டுவது என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் கரட் விளையும் நுவரெலியா. அப்படியிருந்தும் தீபாவளி முடிந்து நான் வாங்கிய கரட், பங்குனியில் வாங்கியதைவிட மூன்று மடங்கு விலை. கடைக்காரரைக் கேட்டால் "சீசன் இல்லை அக்கா" என்கிறார். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மலையில் சீசன் என்ன சீசன்? ஏமாற்றுகிறாரா?

பதில்: கடைக்காரர் கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருப்பார். ஆனால் அக்கா, அந்த மூன்று மடங்கில் பெரும்பங்கு மழையினுடையது.

நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது. அதனால் காய்கறிக்குப் பருவம் என்று ஒன்று இல்லை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் இங்கே பருவத்தை வகுப்பது மழை. கரட் விதைத்தால் பிடுங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். கோவாவுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. லீக்ஸ் நான்கைந்து மாதம் நிலத்தில் நிற்க வேண்டும். போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். ராபு அதற்கும் முந்தி, ஒன்றரை மாதத்தில் கைக்கு வந்துவிடும். இனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் மலையின் எல்லாப் பக்கமும் அடித்து ஊற்றுகிறது. பாத்தியில் போட்ட விதை மண்ணோடு கழுவிக்கொண்டு போகிறது, நிற்கிற பயிர் வேரில் அழுகுகிறது. அந்த இழப்பு அன்றைக்கே முழுதாகத் தெரியாது. டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் கடையில் வந்து நிற்கும். பொங்கல் சாம்பாருக்குக் காய் வாங்கப் போகிறவர் கொடுப்பது ஐப்பசி மழைக்கான விலை. 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டது நினைவிருக்கும். அப்போது பாத்தியில் கரட் வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். விலை ஏறியதால் எல்லா விவசாயிகளும் பணக்காரர் ஆனார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் விதைக்கிறார்கள். பெப்ரவரி, மார்ச்சில் வெயில் வேறு கை கொடுக்கிறது. எல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வந்து சேரும்போது, சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பின்னாக, விலை சரிந்துவிடுகிறது. கோவாவை வெட்டும் கூலிகூடத் தேறாமல் மாட்டுக்குப் போடுவதும் அந்த மாதங்களில்தான். பிறகு மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஜூன், ஜூலையில் மறுபடி தட்டுப்பாடு. ஓகஸ்ட், செப்டெம்பரில் மறுபடி இறக்கம். ஆக, மலைநாட்டுக் காய்கறி மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும் காலம் இரண்டு: பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பிறகு ஓகஸ்ட், செப்டெம்பர். ஒவ்வொரு வருடமும் திகதி தவறாமல் வராது. மழை பிந்தினால் இதுவும் பிந்தும்.

இன்னொன்றும் உண்டு. தேயிலை எடுப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மலையின் மேற்குப் பக்கமான டிம்புலவின் தேயிலைக்குப் பேர் எடுத்துக் கொடுப்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான வரட்சி. கிழக்குப் பக்கமான ஊவாவின் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஹட்டன், வட்டவளைப் பக்கம் குடையைச் சுருக்க முடியாத ஆடி மாதத்தில் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் காய்ந்த காற்று வீசுகிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பதுளைப் பக்கம் நனைகிறது, உங்கள் பக்கம் விடுகிறது. மலை ஒன்று, ஆனால் முதுகும் நெஞ்சும் வேறு வேறு காலத்தில் காய்கின்றன. ஆகவே ஜூலையில் கடைக்காரரிடம் "நுவரெலியாவா?" என்று மட்டும் கேட்காமல் "வெலிமடையிலிருந்து என்ன வந்திருக்கிறது?" என்று கேளுங்கள்.

பக்கத்தில் விளைகிறது என்பதால் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் நுவரெலியாவில் லொறி ஏறும் மூடை தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்குப் போகிறது. அங்கே என்ன விலையோ அதை வைத்துத்தான் ஹட்டன் கடையும் விலை சொல்லும். பக்கத்தில் இருப்பதால் மிச்சமாவது கொஞ்சம் லொறிக் கூலியும், காய் பழுதாகாமல் வருவதும்தான்.

அந்தப் "பழுதாகாமல்" என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கழுவிப் பளபளக்கும் கரட் கண்ணுக்கு அழகு, ஆனால் மண்ணோடு இருப்பதைவிடச் சீக்கிரம் துவளும். பொலித்தீன் பையின் உள்பக்கம் வியர்த்திருந்தால் தொடாதீர்கள். இலை இருந்த கொண்டைப் பகுதியை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், கருத்து வழுவழுக்கக் கூடாது. போஞ்சியை ஒடித்தால் படக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் அது நேற்றையது அல்ல, முந்தாநாளையது. கோவாவில் ஒரு தந்திரம் இருக்கிறது. வாடிய மேல் இலையைக் கடைக்காரர் தினமும் ஒவ்வொன்றாக உரித்துப் போடுவார். மூன்று நாள் கழித்து அது சின்னதாக, வெள்ளையாக, புதிது போல உட்கார்ந்திருக்கும். தலைகீழாகத் திருப்பித் தண்டு வெட்டிய இடத்தைப் பாருங்கள். பழுப்பேறி உலர்ந்திருந்தால் பல நாள் ஆன கோவா. மேலே கரும்பச்சை இலை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், நிறை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

நானும் ஏமாந்தவன்தான். ஒருமுறை நுவரெலியா வீதியோரக் கடையில், "இப்போதுதான் பிடுங்கியது" என்று பச்சை இலையோடு கட்டித் தொங்கவிட்டிருந்த கரட்டைப் பார்த்து பஸ்ஸை விட்டே இறங்கினேன். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தால் வெளிச்சுற்றில் நாலு நல்ல கரட்; உள்ளே விரல் தடிப்பில், கவடு விட்டவை. விலை எங்கள் ஊர்க் கடையைவிட அதிகம். சுற்றுலாப் பயணிக்கு என்று தொங்கவிட்டதை நான் தோட்டக்காரனின் நேர்மை என்று நினைத்தது என் பிழை.

மழை மாதங்களில் என்ன செய்வது? கரட், போஞ்சி, லீக்ஸ் மூன்றையும் வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். லயனுக்குப் பின்னால் பந்தலில் தொங்கும் சௌசௌவை யாரும் மதிப்பதில்லை. பருப்போடு சேர்த்தால் கரட் இல்லாத குறை தெரியாது. மரவள்ளி, வாழைப்பூ, சாம்பல் வாழைக்காய், வல்லாரை இருக்கின்றன. முழுப் பூசணி காம்பு முறியாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. மலிவாக இருக்கும்போதே ஒன்று வாங்கி மூலையில் வைக்கலாம்.

கேள்வி: எங்கள் கடைவீதியில் காய்கறிக்கு விலைப்பலகை இல்லை. சம்பள நாளில் ஒரு விலை, மற்ற நாளில் ஒரு விலை. பில் கேட்டால் சிரிக்கிறார்கள். (தலவாக்கலை)

பதில்: சிரிப்பதற்கு ஒன்றுமில்லை ஐயா. வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் விலையைக் காட்ட வேண்டும், கேட்டால் பில் தர வேண்டும். இதைக் கவனிக்கும் நுகர்வோர் விவகார அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு அழையுங்கள்: கரட்டின் விலை அதிகம் என்பது மட்டும் குற்றமாகாது. விலையைக் காட்டவில்லை, பில் தரவில்லை, நிறையில் குறை என்பவைதான் நிற்கும் முறைப்பாடுகள். தராசில் சரிபார்ப்பு முத்திரை இருக்கிறதா என்றும், காய் வைக்கும் முன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பத்தாம் திகதி சம்பளம் கையில் வந்தவுடனே மொத்தமாக வாங்காமல் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போனால், உங்கள் கடைவீதியின் அந்தச் "சம்பள நாள் விலை"யில் பாதியை நீங்களே தோற்கடித்துவிடலாம்.

கேள்வி: உள்ளூர் உருளைக்கிழங்கு என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தருகிறார்கள். செம்மண் ஒட்டியிருந்தால் உள்ளூர்தானே? (பண்டாரவளை)

பதில்: செம்மண் ஒட்டியிருப்பதால் மட்டும் உள்ளூர் ஆகிவிடாது. இறக்குமதிக் கிழங்கைச் செம்மண்ணில் புரட்டி நுவரெலியாக் கிழங்கு என்று விற்ற கதை நமக்குப் புதிதல்ல. மண்ணைப் பார்க்காதீர்கள், மண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிலத்திலிருந்து வந்த மண் கண்களுக்குள்ளும் பள்ளங்களிலும் கட்டியாகக் காய்ந்து நிற்கும், இடைக்கிடை தோல் வெறுமையாக இருக்கும். பூசிய மண் மா தடவியதைப் போல எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும், கையில் ஒட்டும். அடுத்தது தோல். அண்மையில் கிண்டிய கிழங்கின் தோல் மெல்லியது, கட்டைவிரலால் தேய்த்தால் சுருண்டு வரும். நெடுநாள் கிடங்கில் கிடந்ததன் தோல் தடித்து இறுகியிருக்கும், முளைக்கண் புடைத்திருக்கும். கடைசியாகக் காலத்தையும் பாருங்கள். உங்கள் பக்கத்து வெலிமடை வயல்களில் கிழங்கு கிண்டுவது பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டெம்பரில். அப்போது "உள்ளூர்" என்றால் நம்ப இடமுண்டு.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். மற்றக் காய்கறி பருவத்தில் மலியும். உருளைக்கிழங்கு அவ்வளவாக மலியாது. உள்ளூர் அறுவடை வரும்போது விவசாயியைக் காப்பாற்ற இறக்குமதிக் கிழங்கின் மீதான விசேட பண்ட அறவீடு என்ற வரியை அரசாங்கம் கூட்டுவது வழக்கம். விவசாயிக்கு நல்லது, நமக்குச் செலவு. நான் அந்தச் செலவை முணுமுணுக்காமல் கொடுக்கிறேன். நீங்களும் கொடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பச்சை பாய்ந்த கிழங்கு உள்ளூரோ வெளியூரோ, வாங்காதீர்கள்.

கேள்வி: வாழைப்பழத்துக்கு மருந்து அடித்துப் பழுக்கவைக்கிறார்களாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைப்பது தடைசெய்யப்பட்டது. அதிலிருந்து வரும் வாயு தோலை மஞ்சளாக்கும், உள்ளே பழுக்காது. கல்லில் ஆசனிக் போன்ற நச்சும் கலந்திருக்கலாம். சீப்பு முழுக்க ஒரே மஞ்சள், காம்பு மட்டும் பச்சை, மணம் இல்லை, கடித்தால் நடு கட்டை என்றால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் அடைத்துப் புகை போட்டுப் பழுக்கவைப்பது வேறு. அது நம் பாட்டன் காலத்து வேலை. சந்தேகம் வலுத்தால் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பழம் கொடுக்கச் சொன்னார்கள். ஆப்பிள் ஒன்று வாங்கும் காசுக்கு ஒரு வேளை மரக்கறி வாங்கலாம். ஆப்பிள் கட்டாயம் வேண்டுமா? (மடுல்சீமைப் பகுதித் தாய்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஆப்பிளை நோயாளியின் பழமாக்கியது நம் வழக்கம்தான். கையில் நாலு ஆப்பிள் இல்லாமல் வாட்டுக்குள் போக நமக்குக் கூச்சம். அது கப்பலில் வருவது, பலவேளை மாதக்கணக்கில் குளிரறையில் இருந்தது. கெட்ட பழம் என்று சொல்லவில்லை. ஆனால் 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராமுக்கு மேல் தேறாது. அதே அளவு கொய்யாவில் 200 மில்லிகிராமைத் தாண்டும். கொய்யா உங்கள் லயன் ஓரத்திலேயே நிற்கும். அது காய்க்காத காலத்தில் பப்பாசி, அன்னாசி, தோடம்பழம். பிபிலைத் தோடம்பழம் பச்சைத் தோலோடு இருப்பதால் பழுக்கவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்; அது பச்சையாகவே இனிக்கும்.

அவகாடோ மலிந்து குவியும் நாட்களில் வாங்குங்கள். அது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். ஆகவே மூன்று வாங்குவதானால் ஒன்று மெத்தென்று, ஒன்று அரைப்பதமாக, ஒன்று கல்லாக எடுங்கள்; ஒரே நாளில் மூன்றும் பழுத்து வீணாகாது. கல்லாக இருப்பதை அரிசிப் பானையில் புதைத்து வையுங்கள்.

பிறகு பலா. நுவரெலியாக் குளிரில் அது வராது. பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கம் தாராளமாக நிற்கிறது. பிஞ்சில் பொலோஸ் கறி, முற்றினால் அவித்த காய், பழுத்தால் பழம், எல்லாம் முடிந்தால் கொட்டை. ஒரே மரம் நாலு சமையல். ஆர்தர் வி. டயஸ் என்ற கொடைவள்ளல் முதல் உலகப் போர்க் காலத்துப் பஞ்சப் பயத்தில் நாடெங்கும் பலா நடச் செய்தார். சிங்களவர் அவரைக் "கொஸ் மாமா" என்று அழைத்தார்கள், பலா மாமா. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலாவை அனுமதியில்லாமல் தறிக்கவும் முடியாது.

பலாக்கொட்டையை எறிந்துவிடாதீர்கள். மேல் தோலைக் கழற்றாமல் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் மழை மாதங்களுக்கு இருக்கும். ஒரு பிடி எடுத்து அவித்து, உப்பும் மிளகாயும் போட்டு வறுத்துக் கொடுத்தால் பிள்ளை இன்னொரு பிடி கேட்கும். அதிகம் கொடுத்தால் வயிறு ஊதும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.