நாடகக் குடும்பத்தில் வளரும் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருக்கும்? படிப்பு கெட்டுப்போகாதா?

நான் வளர்ந்தது கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில். எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) ஊர் நாடகத்துக்கு வாத்தியார். தொழில்முறை நாடகக் குடும்பம் இல்லை நாங்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் ஆடுகிறவர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அங்கே ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன் வேஷக்காரர்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி வேஷக்காரர்) இன்னோர் ஊரிலிருந்து. ராத்திரி பத்து மணிக்குச் சந்தித்து விடிய விடிய வள்ளி திருமணம் ஆடிவிட்டுப் போவார்கள். திருவிழா மாதங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பெற்றவர்களைத் தூங்குகிற நேரத்தில்தான் பார்க்க முடியும். சின்னப் பையன்களை வைத்தே நாடகம் போட்ட பழைய பாய்ஸ் கம்பெனி கதையும் வேறு. 1918இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலசபையில், பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயதுதான். கம்பெனியே வீடு, கம்பெனியே பள்ளிக்கூடம்.

எங்களுடையது வருஷத்துக்கு ஒன்று, பங்குனித் திருவிழாவுக்கு. நடிப்பவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள்: கொத்தனார், ஆத்தங்குடிக் கல் பதிப்பவர், டீக்கடைச் சித்தப்பா. ஒத்திகை, ஐயா காவல் பார்த்த செட்டியார் வீட்டுத் திண்ணையில். வீட்டுக்காரர்கள் சென்னையில். படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் போடும் நாள்) கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கும். "திண்ணையைப் பெருக்கிப் போட்டுட்டு என்ன வேணாலும் ஆடிக்கங்க" என்று அந்த வீட்டு ஆச்சி சொல்லியிருந்தார். மாசி பிறந்துவிட்டால் ராச்சாப்பாடு முடிந்ததும் ஹார்மோனியச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். டீ போட்டுப் போட்டு அம்மாவுக்கு அலுத்துப்போகும்.

அரிச்சந்திரா போட்டால் நான்தான் லோகிதாசன். பாம்பு கடித்துச் செத்துப்போகும் பிள்ளை. சாவது சுலபம், ரப்பர் பாம்பைத் தொட்டுவிட்டு விழுந்தால் போதும். அதற்கப்புறம்தான் கஷ்டம். மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி அழுது முடிக்கிற வரை அசையக் கூடாது. சந்திரமதி வேறு யாருமில்லை, மீசையை மழித்த டீக்கடைச் சித்தப்பா. அவர் முகத்தில் அப்பியிருந்த முத்துவெள்ளை வியர்வையோடு கரைந்து என் கன்னத்தில் சொட்டும். கொசு வேறு. ஒப்பாரிக்கு நடுவே மூச்சு வாங்குகிற இடத்தில், "அசையாத ஆத்தா, பன்னு தாரேன்" என்பார். எங்கள் அப்பத்தா மட்டும் அந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை. பாம்பு வருவதற்கு முன்பே சாக்கை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடும். நாடகம் முடிந்து நான் போனால் வாசலிலேயே நிறுத்தித் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.

வயதுக்கு வந்ததும் மேடை நின்றுபோனது. யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. அந்த வருஷம் லோகிதாசனுக்கு வேறு பையனைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். சந்திரமதி வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். ஆனால் பொம்பளைப் பிள்ளை பொம்பளை வேஷம் கட்டக் கூடாது, சித்தப்பா கட்டலாம்! இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை. ஐயாவுக்கும் சங்கடம்தான் போல. நாடக நோட்டை என் கையில் கொடுத்து, பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டர் வேலை.

உண்மையில் நான் வளர்ந்தது அந்த ஸ்டூலில்தான் என்பேன். மேடைக் கூச்சம் போய்விடும், தைரியம் வரும் என்றெல்லாம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்குக் கிடைத்தது வேறு. பாட்டை யாரும் மறப்பதில்லை, ஹார்மோனியக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். மறப்பதெல்லாம் வசனத்தில்தான். அரிச்சந்திரன் வேஷம் கட்டும் பெரியப்பா ஊர்க்கூட்டத்தில் யார் பேச்சையும் காதில் வாங்காதவர், சின்னப் பிள்ளைகள் எதிரே வந்தாலே அதட்டுகிறவர். மயான காண்டத்தில் வசனம் மறந்துவிட்டால் கையிலிருக்கும் கம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஜனங்கள் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டுவார்கள். எனக்கு மட்டும் தெரியும். முதல் வார்த்தையை மட்டும் கொடுக்க வேண்டும், முழு வாக்கியம் கொடுத்தால் குழம்பிப்போவார். முந்திக் கொடுத்தால் கோபம் வரும், பிந்தினால் விசில் பறக்கும். ஒரு பெரிய மனுஷனைக் கூட்டத்துக்கு நடுவே கீழே விடாமல் பிடித்துக்கொள்வது எப்படி என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வேறு எங்கே கற்றுக்கொடுப்பார்கள்? மறுநாள் தெருவில் பார்த்தால் பெரியப்பா அதட்டமாட்டார். "என்ன வாத்தியாரம்மா" என்பார்.

சரி, படிப்பு. கெடும். பங்குனியும் பரீட்சையும் ஒன்றாக வந்தால் கெடாமல் என்ன செய்யும்? தமிழில் நல்ல மார்க், கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். வகுப்பில் தூங்கியதற்கு ஓர் ஆசிரியை "கூத்தாடி வீட்டுப் பிள்ளை" என்றார், அது வலித்தது. நாடகம் சோறு போடுமா என்று யாராவது ஐயாவிடம் கேட்டால் உடனே ஏ.வி.எம்.மைத்தான் இழுப்பார். காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் அவர்கள் ஸ்டூடியோ இருந்த காலத்தில் எடுத்து 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்', அதற்கு முன் மேடை நாடகமாக ஓடியதுதான். ப. நீலகண்டன் எழுதியது. ஐயா சொல்வது சரிதான், ஆனால் அதைச் சொல்லி என் கணக்கு மார்க் ஏறவில்லை. உங்கள் பிள்ளையை நாடகத்தில் விடுவதாக இருந்தால் தாராளமாக விடுங்கள். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தம்பியும் இதே வீட்டில், இதே சத்தத்தில் வளர்ந்தவன்தான். சிங்கப்பூரில் இருக்கிறான். ஹார்மோனியம் கேட்டாலே எழுந்து போய்விடுவான். இந்தக் கேள்விக்கு அவனைப் பதில் எழுதச் சொன்னால், அப்பா ராஜா டிரஸ் வாடகைக்கும் மைக் செட்டுக்கும் கொடுத்த பணம் தன் ஸ்கூல் பீஸ் என்றுதான் ஆரம்பிப்பான். அவன் சொல்வதும் பொய் இல்லை.