வகுப்பறைச் செய்தி வீட்டுக்குச் சேர

கேள்வி: நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் படங்கள் அனுப்பியும், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்களுடைய குறை நியாயமானது. படங்களைப் பார்த்துப் பிள்ளை மகிழ்ச்சியாக இருப்பதை அறியலாமே தவிர, அது எதைப் புரிந்துகொண்டது, எங்கே தடுமாறுகிறது என்பதை அறிய முடியாது. வாரம் ஒரு முறை, மாறாத ஒரு நாளில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதி அனுப்புங்கள். அதில் 'கழித்தல் நடக்கிறது' என்று மட்டும் எழுதாமல், '52இலிருந்து 27ஐக் கழிக்க, பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவிழ்க்கிறோம். அவிழ்த்த பின் உதிரிக் குச்சிகள் எத்தனை என்று பிள்ளையிடம் கேளுங்கள்' என்று எழுதினால், பள்ளியில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் பிள்ளைகூட, 'பன்னிரண்டு' என்று தொடங்கி மற்றதையும் விளக்கிச் சொல்லும்.

பெற்றோர் பங்கேற்பை ஆறு வகைகளாகப் பிரித்த அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் எப்ஸ்டைன், தகவல் தொடர்பை அவற்றுள் ஒன்றாக வைத்து, அது இருவழியாக இருக்க வேண்டும் என்றார். எனவே கடிதத்தின் அடியில் பெற்றோர் எழுதுவதற்கும் இடம் விடுங்கள். பிள்ளை இரவில் சரியாக உறங்கவில்லை என்ற ஒரு வரிகூட உங்களுக்குப் பெரிதும் உதவும். வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குக் குரல் பதிவாக அனுப்பலாம்.

தனி ஒரு பிள்ளையின் குறையை மட்டும் எக்காரணம் கொண்டும் குழுவில் எழுதாதீர்கள். அதை அந்தப் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள்.