காம்புட் மண்ணில் செம்பனை: 40 சென்டிமீட்டரில் தண்ணீர் நின்றால் போதுமா?

"கரிச்சதுப்பு நிலத்தில் தண்ணீர் மட்டத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் செம்பனைத் (பாமாயில் மரம்) தோட்டத்தைப் பொறுப்பாக நடத்தலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக் கட்டுரைக்குப் போலிருக்கிறது. நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. மலேசியாவில், சரவாக்கின் சிபு பக்கம் 11 வருஷம் தோட்ட மண்டோராக (மேஸ்திரி) இருந்தேன், அவ்வளவுதான்.

கரிச்சதுப்பைக் காம்புட் என்று நாங்கள் சொல்வோம். அது மண்ணே இல்லை. விழுந்த மரமும் வேரும் ஆயிரக்கணக்கான வருஷம் மக்காமல் தண்ணீரில் ஊறிக் கிடப்பது. பாரிட் (வடிகால் வாய்க்கால்) வெட்டித் தண்ணீரை இறக்கினால் காற்றுப் பட்டு மக்கும், நிலம் அமுங்கும், பிடிமானம் போய் மரம் சாயும். எங்கள் பிளாக்கில் அடியிலுள்ள களிமண்வரை இறக்கிய இரும்புக்குழாய் ஒன்று இருந்தது. நான் சேர்ந்தபோது என் இடுப்புயரம், கிளம்பும்போது கழுத்தளவு. சுமத்ராவில் அளந்தவர்களும் முதல் 5 ஆண்டில் சுமார் 1.4 மீட்டர், பிறகு வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

நிலமட்டத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது என்று வாராவாரம் தண்ணீர்க் கோலைப் பார்த்து எழுதுவது என் வேலை. தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முந்தின வாரமே பாரிட்டில் பலகை போட்டு, மணல்மூட்டை அடுக்கித் தண்ணீரை ஏற்றுவோம். அவர்கள் போனதும், குலை ஏற்றும் வண்டி புதைகிறது, உதிரிப்பழம் மிதக்கிறது என்று மேலிருந்து சத்தம் வரும். பலகையைக் கழற்றுவோம். மழைநாளில் போகாமலே "45" என்று நானும் எழுதியிருக்கிறேன். எல்லாத் தோட்டமும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கீழே கருத்துப் பகுதியில் வந்து சண்டை பிடிக்காதீர்கள்.

ஒரு வறட்சியில் பக்கத்து நிலத்தில் தீப்பிடித்தது. ஒன்பது நாள் தண்ணீர் அடித்தோம். இங்கே அணைத்தால் மண்ணுக்கடியிலேயே ஓடி நாற்பதடி தள்ளிப் புகையும். தண்ணீர் நிலமட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று இந்தோனேசியாவில் 2014-இலேயே சட்டம் போட்டார்கள்; 2015-இல் அங்கே சுமார் 26 லட்சம் ஹெக்டர் எரிந்த பிறகு, 2016-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். காகிதக் கூழுக்கு அகேசியா நடுகிறவர்களுக்கும் அதுதான். நல்ல சட்டம். தீ குறையும், அமுங்குவதும் மெதுவாகும், நிற்காது.

ஆகவே என் பதில்: வெட்டிய நிலத்தில் தண்ணீரை ஏற்றி வையுங்கள், புதிதாக வெட்டாதீர்கள். பொறுப்பான பாமாயிலுக்குச் சான்று தரும் ஆர்எஸ்பிஓ அமைப்பும் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு காம்புட்டில் புது நடவு கூடாது என்றுவிட்டது. மறுநடவுக்கு முன், அமுங்கிப்போன அந்த நிலத்தில் இனியும் தண்ணீர் வடியுமா என்று பார்க்கவும் சொல்கிறது. வடியாது என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயில் வந்ததும் அதே பாரிட் தண்ணீர்தான், கோப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில். மகளின் வெள்ளைச் சீருடை பழுப்பேறிப்போய், "துவைப்பதே இல்லையா?" என்று சிகு (ஆசிரியர்) வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மழைநீர்த் தொட்டி கேட்டு மூன்று கடிதம் கொடுத்தேன். பிளாக் பிளாக்காகத் தண்ணீர்க் கணக்கு வைத்திருந்த ஆபீசில் அதற்கு மட்டும் பதில் இல்லை. நான் வேலையை விட்ட மறுவருஷம் தொட்டி வந்ததாம்.